மேடை தந்த முதல்!

1968-ஆம் ஆண்டு வெளிவந்த படம், 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி கணேசன், பத்மினி, பாலையா, நாகேஷ் என்று நடிப்பிலே ஒருவரை ஒருவர் விஞ்சக்கூடிய சூரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிற பந்தி அது. அந்தப் பந்தியின் நடுவே வந்து உட்கார்ந்து, தனக்கென்று ஓர் இலை போடச் செய்து, பார்ப்பவர் கண்ணெல்லாம் தன் இலைமீதே இருக்கும்படி செய்துவிட்டு எழுந்து போகிறாள் ஒருத்தி. அவள் பெயர் ஜில் ஜில் ரமாமணி!

பளபளக்கும் உடை, குலுங்கும் நடை, வெடுக்கென்று வந்து விழும் பேச்சு. கொட்டகை சிரித்தது. தரை டிக்கெட்டும் சிரித்தது, பால்கனியும் சிரித்தது. ஆனால் சிரித்து ஓய்வதற்குள் ஏதோ ஒன்று நெஞ்சைத் தொட்டது. நாதசுர வித்துவானின் கலையை மனமார மதிக்கிற ஓர் உள்ளம், அந்தப் பளபளப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. 'நாடகக்காரி' என்று ஊர் ஏளனம் பேசும் பெண்ணுக்குள்ளே இத்தனை பெருந்தன்மையா என்று, சிரித்த வாய் சற்றே மூடிக்கொண்டது.

ரமாமணியைக் கதையிலே படைத்தவர் கொத்தமங்கலம் சுப்பு. திரையிலே கொண்டுவந்தவர் ஏ.பி. நாகராஜன். உயிர் கொடுத்தவர் மனோரமா. நாடகமாடிப் பிழைக்கும் பெண்ணாக நடித்தவர், நாடகமாடிப் பிழைத்த பெண்! ஆகவேதான் அந்த வேடம் பொய்யாகவில்லை. அது அவர் போட்ட வேடம் மட்டுமல்ல. அவர் நடந்து வந்த வழி.

மனோரமா அம்மையார் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், 78-ஆம் வயதிலே, சென்னையில் மறைந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகம் குறித்துக்கொண்டது. மைய அரசு 2002-இல் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. நாடு 'ஆச்சி' என்று அழைத்தது. இவையெல்லாம் ஏடுகள் பலமுறை எழுதிவிட்ட செய்திகள். ஏடுகள் அவ்வளவாக எழுதாத கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கைத்தான் நாம் இன்று தோழர்கள் முன் விரித்து வைக்க விரும்புகிறோம்.

படவுலகம் அவருக்கு என்ன கொடுத்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர் படவுலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்ன, அது எங்கே சேர்த்த செல்வம் என்று நாம் கேட்கிறோம்.

பள்ளத்தூரில் ஒரு சிறுமி

மன்னார்குடியில் 1937-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் கோபிசாந்தா. தந்தையின் ஆதரவு நீடிக்கவில்லை. தாய் கைக்குழந்தையோடு ஊரை விட்டுக் கிளம்பி, செட்டிநாட்டுச் சீமையிலே, காரைக்குடிக்கு அருகே இருக்கிற பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். மாளிகைகள் நிறைந்த ஊர் அது. பர்மாத் தேக்கிலே தூண்கள், இத்தாலியச் சலவைக் கல்லிலே தரைகள். அந்தத் தரைகளைத் துடைக்க ஆள் வேண்டுமே! தாய் வீட்டு வேலைக்குப் போனார். தாய் நோயிலே விழுந்தபோது, ஆறாம் வகுப்போடு புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, மகளும் வீட்டு வேலைக்குப் போனாள்.

தோழர்களே, இங்கே ஒரு நிமிடம் நிற்போம். 'ஆச்சி' என்பது நகரத்தார் வீடுகளிலே வீட்டுத் தலைவியை மரியாதையோடு அழைக்கும் சொல். அந்த ஆச்சிமார் வாழ்ந்த ஊரிலே விளக்குமாறும் கையுமாக நின்ற சிறுமியை, பிற்காலத்திலே தமிழ்நாடே சேர்ந்து 'ஆச்சி' என்று அழைத்தது! பிறப்பு கொடுக்காத பட்டம். பணம் கொடுக்காத பட்டம். உழைப்பு ஒன்றே கொடுத்த பட்டம்.

அந்தச் சிறுமிக்குக் குரல் இருந்தது. கேட்ட பாட்டை மறுமுறை அப்படியே பாடிக்காட்டும் காது இருந்தது. ஊருக்கு நாடகம் வந்தது. பெண் வேடத்தை ஆண்களே போட்டுக்கொண்டிருந்த வழக்கம் அப்போது முற்றிலும் மறைந்துவிடவில்லை. வேடம் போட்டவருக்குப் பாட்டு வரவில்லை. திரைமறைவிலே நின்று பாடிக்கொடுக்க ஒரு பெண்குரல் தேவைப்பட்டது. அப்படித்தான் அவர் மேடைக்கு வந்தார். முதலில் குரல் வந்தது; பிறகுதான் முகம் வந்தது. நாடகக்காரர்கள் 'மனோரமா' என்று பெயர் சூட்டினார்கள். ஊர் 'பள்ளத்தூர்ப் பாப்பா' என்று செல்லமாக அழைத்தது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுதான்.

பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளையை நாடக மேடை சேர்த்துக்கொண்டது. அந்தப் பள்ளியிலே மதிப்பெண் கிடையாது. பாடம் தவறினால் கூட்டம் கூச்சல் போடும். பாடம் சரியாக வந்தால் கூட்டம் அமைதியாகும். அவ்வளவுதான் தேர்வு!

முதல் எப்படிச் சேர்ந்தது?

செட்டிநாட்டிலே 'முதல்' என்ற சொல்லின் எடை எல்லோருக்கும் தெரியும். முதல் இருந்தால்தான் வட்டி. வட்டி வந்தால்தான் வாழ்வு. நாடக மேடையில் பாடுபட்ட ஒரு பெண் சேர்த்த முதல் என்ன?

முதலாவது, நினைவு. நாடகத்துக்கு நாடகம் பாடம் வேறு, பாட்டு வேறு. ஒருத்திக்கு உடல்நலமில்லை என்றால் அவளுடைய பாடத்தையும் இன்னொருத்தி அன்றிரவே பேசியாக வேண்டும். ஆகவே தன் பாடம் மட்டும் தெரிந்தால் போதாது. அடுத்தவர் பாடமும் மனத்திலே நிற்கவேண்டும். காகிதத்தைப் பார்த்துப் பேச மேடையிலே இடமில்லை.

இரண்டாவது, குரல். இரவு பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடியற்காலை வரை தாக்குப்பிடிக்கிற குரல். ஒலிபெருக்கி இருமிக்கொண்டு நின்றுவிட்டாலும், கடைசி வரிசையிலே துண்டை விரித்துப் படுத்திருக்கிறவர் காதுக்கும் எட்டுகிற குரல். அதே குரலைத் தாலாட்டுக்கும் தாழ்த்தவேண்டும், சண்டைக்கும் உயர்த்தவேண்டும், ஒப்பாரிக்கும் உடைக்கவேண்டும்.

மூன்றாவது, மக்கள். இதுதான் பெருமுதல். நாடகக் குழு ஊர் ஊராகப் போகிறது. இன்று புதுக்கோட்டைப் பக்கம், நாளை மதுரைப் பக்கம், அடுத்த வாரம் தஞ்சைப் பக்கம். போகிற ஊரிலே சத்திரத்துத் திண்ணையில் படுக்கை; தெருக் குழாயிலே குளியல்; பூக்காரி, இட்லிக்காரி, வண்டிக்காரர், வேலைக்காரி இவர்களோடுதான் பேச்சு. மாளிகைக்குள்ளே அழைத்து மரியாதை செய்வார் யாருமில்லை. அதனாலேயே, தெருவிலே நடமாடும் தமிழ், ஊருக்கு ஊர் மாறும் அதன் நெளிவு சுளிவோடு, அந்தப் பெண்ணின் காதிலே வந்து குடியேறிக்கொண்டது.

நான்காவது, வெட்கத்தை வென்ற துணிவு. மேடையேறிய பெண்ணை நம் சமுதாயம் எப்படிப் பார்த்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரவெல்லாம் கைதட்டி மகிழ்ந்த அதே ஊர், காலையிலே அவள் தெருவிலே நடந்தால் வேறுவிதமாகப் பேசியது. அந்தப் பேச்சைக் காதிலே வாங்கிக்கொண்டே மறுநாள் இரவும் அரிதாரம் பூசிக்கொண்டு நிற்கவேண்டும். வீட்டிலே தாய், அடுப்பிலே உலை. நிற்காமல் என்ன செய்வது?

அந்த நாளிலே மேடை என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல; அது ஒரு போர்க்களமும்கூட. பேரறிஞர் அண்ணா தாமே எழுதி, தாமே வேடமேற்று நடித்தார். கலைஞர் தாமே எழுதி, தாமே நடித்தார். அந்த இருவரோடும் மேடையிலே சேர்ந்து நடித்தவர் மனோரமா. இலட்சிய நடிகர் எஸ்.எஸ். இராசேந்திரனின் நாடக மன்றத்திலே சேர்ந்து, கலைஞரின் 'மணிமகுடம்' போன்ற நாடகங்களிலே ஊர் ஊராகச் சென்று நடித்தவர். பிற்காலத்திலே எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்தின் என்.டி. ராமராவ் ஆகியோரோடு திரையிலே நடித்ததையும் சேர்த்து, ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். நாம் அந்தப் பெருமையை வேறுவிதமாகக் கணக்கிடுகிறோம். எழுத்தாளர் மேடைக்காகத் தீட்டிய கூர்மையான தமிழை, மூச்சு எங்கே நிறுத்தவேண்டும், சொல் எங்கே விழவேண்டும் என்று அறிந்து பேசும் பயிற்சி அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. தெருத் தமிழும் அவருக்குத் தெரியும். ஏட்டுத் தமிழும் அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவருக்கு!

கதாநாயகி இல்லை, பின் யார்?

இந்த முதலோடு அவர் படவுலகத்தின் வாசலுக்கு வந்தார். வாசல் உடனே திறந்துவிடவில்லை. தொடங்கிய படங்கள் முடியாமலே நின்றுபோயின. 1958-ஆம் ஆண்டிலே கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' அவரைத் திரையிலே கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் கொடுக்கப்பட்டது கதாநாயகி வேடமல்ல, நகைச்சுவை வேடம்.

மேடையிலே கதாநாயகியாக நின்றவருக்கு இது இனிக்குமா? அவர் தயங்கியிருக்கிறார். கதாநாயகிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான், நகைச்சுவைக்கு ஆயுள் நீளம் என்ற பொருள்பட அவருக்கு எடுத்துச் சொன்னவர் கண்ணதாசனே. கவிஞரின் கணக்கு பொய்க்கவில்லை. ஆயினும் அந்தத் தயக்கத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஏனென்றால், அதிலே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது.

பாய்ஸ் கம்பெனிகளிலும் நாடகக் குழுக்களிலும் பயின்று திரைக்கு வந்த ஆண்கள் எத்தனை பேர்! எம்.ஜி.ஆர். வந்தார், சிவாஜி கணேசன் வந்தார், கே.ஆர். ராமசாமி வந்தார், எஸ்.எஸ்.ஆர். வந்தார், எம்.ஆர். ராதா வந்தார், பாலையா வந்தார். மேடை தந்த சிங்கங்கள் என்று நாடு அவர்களைக் கொண்டாடியது. கொண்டாடியது சரிதான்! அவர்களிலே பலர் கதையின் நடுநாயகமானார்கள். பெண்களிலோ, கே.பி. சுந்தராம்பாள் போல, மேடையிலே கொடிகட்டிப் பறந்து, 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றவர் அரிதினும் அரிது. நாடகம் ஆணுக்குத் தந்த பட்டம் 'பயிற்சி'. அதே நாடகம் பெண்ணுக்குத் தந்த பட்டம் 'நாடகக்காரி'. ஆணின் முகத்திலே வடு இருந்தால் வீரம். பெண்ணின் முகத்திலே உழைப்பின் களைப்புத் தெரிந்தால், ஓரமாக நில், சிரிப்பு மூட்டு!

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1963-இல் 'கொஞ்சும் குமரி' படத்திலே அவரைக் கதாநாயகியாக்கியது. நன்றி சொல்லவேண்டிய செயல். ஆனால் அந்த வழி நீளவில்லை. படவுலகம் அவரை மீண்டும் பக்கவாட்டு நாற்காலிக்கே அழைத்தது. இடையிலே திருமணம், அந்த மணவாழ்வும் விரைவிலேயே முறிந்தது. கையிலே ஆண்குழந்தை, வீட்டிலே வயதான தாய். தாய்க்கு நேர்ந்தது மகளுக்கும் நேர்ந்தது. ஆனால் இந்த மகளுக்கு ஒரு வேறுபாடு இருந்தது. அவள் கையிலே தொழில் இருந்தது!

கொடுத்த நாற்காலி சிறிது என்று அவர் எழுந்து போய்விடவில்லை. அந்தச் சிறிய நாற்காலியிலே உட்கார்ந்துகொண்டு, நாடே திரும்பிப் பார்க்கும்படி செய்தார்.

வட்டி குட்டி போட்டது

கணக்கைப் பாருங்கள். 'அன்பே வா' (1966) படத்திலே நாகேசுடன் ஈடுகொடுத்து நடிக்கிற துடுக்குப்பெண். 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்திலே தூத்துக்குடிக் கடற்கரைப் பேச்சு. 'பொம்மலாட்டம்' (1968) படத்திலே அச்சான சென்னைத் தமிழ். அந்தப் பேச்சிலேயே சொந்தக் குரலில் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அதே ஆண்டிலேதான் ஜில் ஜில் ரமாமணி. மன்னார்குடியிலே பிறந்து பள்ளத்தூரிலே வளர்ந்தவர், அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே பிறந்தவர்போலப் பேசுகிறார்! கேட்ட ரிக்சாக்காரர் நம்ம ஊர்ப் பொண்ணு என்றார். தூத்துக்குடிக்காரரும் அதையே சொன்னார். இந்த வித்தை எந்தப் படப்பிடிப்பு நிலையத்திலே கற்றுத் தரப்பட்டது? சத்திரத்துத் திண்ணையிலே, தெருக் குழாயடியிலே சேர்த்த முதலுக்கு வந்த வட்டி அது.

'காசேதான் கடவுளடா' (1972): பணப்பெட்டியைக் கட்டிக் காக்கும் சிற்றன்னை. மெஹ்மூத் எடுத்த இந்திப் படமான 'குன்வாரா பாப்' (1974): மொழி மாறியது, மேடையிலே கற்ற நேரம் தவறாத பேச்சு மாறவில்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே கதை. 'உன்னால் முடியும் தம்பி' (1988) படத்திலே நாதசுரம் ஏந்திய கலைஞி. அதே ஆண்டிலே 'பாட்டி சொல்லைத் தட்டாதே': படத்தின் பெயரே பாட்டியின் பெயர், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை நம்பி ஒரு முழுப் படம்! 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்திலே பெற்றவளுக்கு நிகராக நிற்கும் வளர்ப்புத்தாய். 'புதிய பாதை' (1989) படத்துக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 'நடிகன்' (1990) படத்திலே மணமாகாமலே வயதாகிப்போன பெண்ணின் தாமதமான காதல். சிரிப்புதான், ஆனால் அடியிலே ஒரு சோகம். 'சின்னக் கவுண்டர்' (1992) படத்திலே எடுப்பான பல் கட்டிக்கொண்டு ஒரு கிராமத்துத் தாய். 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' (2006) படத்திலே அரசனைப் பெற்ற அரசி. அப்போது வயது அறுபத்தொன்பது!

துடுக்குப்பெண், நாடகக்காரி, சிற்றன்னை, வேலைக்காரி, பாட்டி, அரசி. எது அவர் முகம்? எல்லாமே அவர் முகம்!

மேடை நடிப்பு வேறு, திரை நடிப்பு வேறு என்று விவரம் தெரிந்தோர் சொல்வார்கள். உண்மை. மேடையிலே கையை வீசினால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும். காமிராவுக்கு முன்னாலே இமை அசைந்தால்கூட அது மலைபோலத் தெரியும். மேடையிலே கதை முதலிலிருந்து கடைசிவரை ஓடும். படப்பிடிப்பிலே சாவுக் காட்சி காலையிலே, கலியாணக் காட்சி மாலையிலே! மேடையிலே சிரிப்புக் காட்சி நடித்தால் எதிரிலே கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஓயும்வரை நிறுத்தி, அடுத்த சொல்லை எடுத்து வைக்கலாம். படப்பிடிப்பிலே சிரிக்க யார் இருக்கிறார்கள்? விளக்குப் பிடிப்பவர் சிரிக்கக் கூடாது, ஒலிப்பதிவு கெட்டுவிடும். மயான அமைதி! அந்த அமைதியிலே நின்றுகொண்டு, ஆறு மாதம் கழித்து ஏதோ ஓர் ஊர்க் கொட்டகையிலே எழப்போகிற சிரிப்பு எத்தனை நொடி நீளும் என்று மனத்துக்குள்ளேயே அளந்து பேசவேண்டும். ஆயிரம் இரவுகள் கூட்டத்தின் எதிரே நின்றவருக்குத்தான் அந்த அளவுகோல் கைவரும்.

மேடையிலிருந்து வந்தவர் சிலர், மேடைக் குரலையே திரைக்கும் கொண்டுவந்து சோர்ந்து போனார்கள். மனோரமா இரண்டையும் பிரித்து அறிந்தவர். ரமாமணியாக வரும்போது வேண்டுமென்றே மேடை மிகை. ஏனென்றால் ரமாமணியே மேடைக்காரி. அதே அம்மையார், மகன் முகத்தை மௌனமாகப் பார்க்கும் தாயாக வரும்போது, முகத்திலே ஒரு கோடு அசைகிறது. அவ்வளவுதான், நமக்குத் தொண்டை அடைக்கிறது. எங்கே கொட்டவேண்டும், எங்கே சிந்தவேண்டும் என்று தெரிந்த கை அது.

கண்ணம்மாவின் வழக்கு

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு வேடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1986-ஆம் ஆண்டு, விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்'. நடுத்தரக் குடும்பம் ஒன்று பிளவுபடும் கதை. அந்த வீட்டின் வேலைக்காரி கண்ணம்மா. சம்பந்தி வீட்டு வாசலிலே போய் நின்று, படித்தவர்களாலும் பெரியவர்களாலும் தீர்க்க முடியாத வழக்கை, வெறும் வாய்ச்சொல்லாலே தீர்த்துவிட்டு வருகிறாள் அந்தப் பெண்!

அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் நாம் சிரிக்கிறோம். ஆனால் நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. பள்ளத்தூரிலே பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிய சிறுமிக்கு, அந்த வீடுகளிலே நடந்ததெல்லாம் தெரிந்திருக்கும். வேலைக்காரிக்குத் தெரியாத குடும்ப இரகசியம் ஏது? ஆனால் பேச உரிமை ஏது? எத்தனை சொற்களை அந்தப் பிஞ்சு வாய் விழுங்கியிருக்கும்! சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, வேலைக்காரி கண்ணம்மாவாக நின்றபோது, அடக்கிவைத்த வாய் திறந்துகொண்டதோ என்று நமக்குத் தோன்றுகிறது. இது நம் கற்பனையாக இருக்கலாம். ஆனால் அந்தக் காட்சியிலே வேலைக்காரியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வேலைக்காரியோடு சேர்ந்துதான் நாடு சிரித்தது. ஏழையைக் காட்டிச் சிரிக்க வைப்பது எளிது. ஏழையின் பக்கம் நின்று சிரிக்க வைப்பது கடினம். மனோரமா அம்மையாரின் கலையிலே உயர்ந்த பகுதி எது என்று நம்மைக் கேட்டால், இதைத்தான் காட்டுவோம்.

ஆயிரமும் பொன்னா என்றால், இல்லை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கதைக்கு ஒட்டாமல் தனியே எழுதிச் சேர்த்த நகைச்சுவைக் காட்சிகள் அதிலே உண்டு. பெண்ணின் வயதையும் உருவத்தையும் கேலி செய்து கைதட்டல் வாங்கிய காட்சிகள் உண்டு. அழுவதைத் தவிர வேறு வேலை கொடுக்காத தாய் வேடங்கள் எத்தனையோ. ஒரே அழுகையை எத்தனை படத்திலே அழுவார் ஒருவர்? ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் கதை எழுதியவரல்லர்; படமெடுத்த முதலாளியும் அல்லர். அழைத்த இடத்துக்குப் போய், கொடுத்த வேலையைக் குறைவில்லாமல் செய்துகொடுத்துவிட்டுக் கூலி வாங்கிய உழைப்பாளி. தறியிலே கொடுத்த நூல் மட்டமானது என்றால், அந்தக் குற்றம் நெய்தவனுடையதா? மட்டமான நூலிலும் இழை அறுக்காமல் நெய்தானா என்று பாருங்கள். அந்தச் சோதனையிலே அவர் தோற்ற படம் நம் நினைவுக்கு எட்டியவரை இல்லை.

ஆகவே ஆயிரம் என்ற எண்ணைக் காட்டி மலைத்து நிற்கவேண்டாம் என்கிறோம். அந்த எண்ணை ஒரு தொழிலாளியின் வருகைப் பதிவேடாகப் பாருங்கள். ஆலைச் சங்கு ஊதியதும் வாசலிலே நிற்கிற தோழருக்கு அதன் பொருள் புரியும். ஒரு நாள் உடம்பு முடியாது. ஒரு நாள் வீட்டிலே கவலை. ஒரு நாள் மனமே சரியில்லை. ஆனாலும் விடிந்தால் முகத்துக்குச் சாயம், எதிரே விளக்கு. அரை நூற்றாண்டுக்கு மேலாக!

கடன் யாருக்கு?

ஏன் இதையெல்லாம் எழுதுகிறோம்? மறைந்த ஒருவரைப் புகழ்ந்து ஆறுதல் அடைவதற்காகவா? இல்லை.

மனோரமா திரைக்குப் போனார், வாழ்ந்தார், வென்றார். அவரோடு அதே திண்ணையிலே படுத்து, அதே அரிதாரத்தைப் பூசி, அதே ஆர்மோனியத்துக்குப் பாடிய மற்றப் பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்குக் கண்ணதாசன் கிடைக்கவில்லை. கின்னஸ் புத்தகத்திலே அவர்கள் பெயர் இல்லை. மேடையிலேயே முதுமையடைந்து, குரல் உடைந்ததும் மேடையும் கைவிட, எங்கோ ஓர் ஓட்டு வீட்டிலே முடிந்துபோனவர்கள் எத்தனை பேரோ! முதல் சேர்த்தார்கள், வட்டி வாங்கும் நாள் அவர்களுக்கு வரவில்லை.

அந்தப் பரம்பரை இன்னும் அற்றுப்போகவில்லை. மதுரைப் பக்கத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் திருவிழாக் காலம் வந்தால் இன்றும் விடிய விடிய நாடகம் நடக்கிறது. வள்ளி வருகிறாள், பவளக்கொடி வருகிறாள், பபூன் வருகிறார். வள்ளியாக வரும் பெண் பஸ்ஸிலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். விடிந்ததும் அதே பஸ்ஸிலே தூக்கக் கண்ணோடு திரும்புகிறாள். அவள் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள், ஒரு பிள்ளை இருக்கிறது. அவளையும் ஊர் இன்னும் பழைய சொல்லாலேதான் பேசுகிறது.

மாலையிலே வேலை முடித்துத் துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு நாடகம் பார்க்கப் போகிற தோழரே! உம்மிடம் நாம் கேட்பது பெரிதல்ல. மேடையிலே நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பக்கத்திலே இருப்பவன் கூசும்படி ஒரு சொல் எறிந்தால், அவன் வாயை அடைக்க உம்மால் முடியும். பேசிய கூலியை விழாக் குழு பேசியபடி கொடுத்ததா என்று கேட்க உம்மால் முடியும். உடை மாற்றிக்கொள்ள நாலு தட்டி கட்டிய மறைவிடமும், குடிக்கத் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்க்க உம்மால் முடியும். அவளும் உம்மைப் போல இரவுப்பணி பார்க்கிற தொழிலாளிதான்!

நம் இயக்கம் மேடையிலே வளர்ந்த இயக்கம். பேச்சு மேடை ஒரு கண் என்றால், நாடக மேடை மறு கண். அந்த மேடையிலே நம் தலைவர்களுக்கு எதிர்ப்பாடம் பேசிய பெண்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சிலையாலும் மலர்வளையத்தாலும் அந்தக் கடன் தீராது. இன்று மேடையிலே நிற்கிற பெண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையாலே தீரும்.

ஆச்சி என்று அழைத்தோம், நல்ல காரியம். அந்தச் சொல்லைப் புகழ்பெற்ற ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடலாமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கும் பெயர் தெரியாத அந்த நாடகக்காரிக்கும், இந்தத் திருவிழாவிலிருந்து, அதிலே ஒரு பங்கு கொடுப்போம்.